ஸ்ட்ராட்ஃபோர்ட் கில்டு மண்டபம்: ஷேக்ஸ்பியரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசலாமா?

கோடைமழை:

ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹென்லி தெருவில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்து, வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் சர்ச் தெருவில் ஒரு நீளமான மரச்சட்டக் கட்டடம் நிற்கிறது. 1417-க்கும் 1420-க்கும் இடையில் எழுந்தது. கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஹோலி கிராஸ் கில்டு என்ற சமயச் சகோதரச் சங்கம் கட்டியது; பிறகு ஊராட்சி மன்றமானது, நீதிமன்றமானது, பள்ளிக்கூடமானது. இன்றைக்கும் அங்கே பையன்களுக்குப் பாடம் நடக்கிறது.

"ஷேக்ஸ்பியர் படித்த வகுப்பறை" என்ற ஒரே வரியில் இந்தக் கட்டடத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 150 வருடம் முன்பே அது அந்த ஊரின் மூளையாக இருந்திருக்கிறது. கட்டுமானம், கணக்கு வழக்கு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், இதெல்லாம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

தச்சன்மகன்:

கட்டுமானத்துக்கு நான் வருகிறேன். அப்பா ஆசாரி என்பதால் இந்த மாதிரிக் கட்டடத்தைப் பார்த்தால் என் கண் முதலில் மூட்டுக்குத்தான் போகும்.

முதல் ஆச்சரியம், அந்தக் காலத்து இங்கிலாந்துத் தச்சர்கள் பச்சை ஓக்கில் வேலை செய்தார்கள். வெட்டி ஈரம் காயாத மரம். எங்கள் வீட்டில் பச்சை மரத்தில் உளி வைத்தால் முதுகில் அடி விழும். ஆனால் ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி ஆகிவிடும், கைக்கருவியால் அறுப்பது பெரும்பாடு. அதனால் பச்சையாகவே அறுத்து, இழைத்து, மூட்டி நிறுத்திவிடுவார்கள். நின்றபடியே காயும். காயும்போது கோணும், முறுக்கும். பழைய மரச்சட்ட வீடுகள் குடித்துவிட்டு நிற்பது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஆணி. இரும்பாணி கிடையாது, மர ஆணிதான். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி, மற்ற கட்டையில் தோண்டிய பள்ளத்துக்குள் சொருகுவார்கள். குறுக்கே ஆணி போக இரண்டிலும் துளை வேண்டும் அல்லவா? அந்தத் துளைகளை நேருக்கு நேர் போடமாட்டார்கள். உள்ளே போகிற நுனியில் இருக்கும் துளை, வேண்டுமென்றே ஒரு நூல் உள்தள்ளி இருக்கும். கூம்பு வடிவ ஆணியை அடிக்க அடிக்க, கோணலாக இருக்கும் இரண்டு துளையையும் அது ஒரே கோட்டுக்கு இழுக்கும். மூட்டு இறுகிவிடும். பசை இல்லை, பட்டை இல்லை, 600 வருடம் பிடித்து நிற்கிறது.

மூன்றாவது, சட்டங்களைத் தச்சுப் பட்டறையிலேயே தரையில் கிடத்தி, பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றி, இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டுவார்கள். எண் ரோமன் எண். உளியால் கீறியது. நான்கு என்றால் நான்கு கோடு. ஒன்பதுக்கு ஐந்தின் குறியும் பக்கத்தில் நான்கு கோடும் போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். புத்தகத்தில் வரும் ஒன்பதைக் கீறினால், கட்டையைத் தலைகீழாகத் திருப்பியதும் அது பதினொன்று ஆகிவிடும். அப்புறம் உத்தரம் இருக்க வேண்டிய இடத்தில் தூண் வந்து நிற்கும்!

வல்லபி:

தச்சன்மகன் அண்ணா, சட்டத்துக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிவது என்ன, செங்கல்லா? அப்புறம் மரத்துக்கு ஏன் இப்படிக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள்?

தச்சன்மகன்:

நடுவில் இருப்பது வழக்கமாகக் குச்சிப் படல்தான். ஓக் குச்சிகளை நிறுத்தி, வளையும் சுள்ளிகளைக் குறுக்கே பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. பாரம் முழுக்க மரச்சட்டத்தின் மேல், சுவர் வெறும் அடைப்பு. அதனால் சுவரை எப்போது வேண்டுமானாலும் இடித்து மாற்றலாம், கட்டடம் நிற்கும். அடிக்கட்டை மட்டும் அழுகிவிடக் கூடாது, அதனால்தான் அதைக் கல் மேடையில் தூக்கி வைப்பார்கள்.

கறுப்பு விஷயத்தில் உன் சந்தேகம் சரி. இங்கிலாந்தில் நிறைய இடங்களில் அந்தப் பளீர் கறுப்பு-வெள்ளை 19-ஆம் நூற்றாண்டு மோகம். ஓக்கைச் சும்மா விட்டால் சாம்பல் நிறமாக வெளுக்கும். பல வீடுகளில் மரத்தையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். இந்த மண்டபமும் நடுவில் நெடுங்காலம் பூச்சுக்குள் மறைந்து கிடந்து, 1890-களின் சீரமைப்பில்தான் சட்டம் மறுபடி வெளியே வந்தது.

ஒன்று கவனித்தால் தெரியும்: மேல்மாடி தெருப்பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும், செங்குத்துக் கட்டைகள் ஒன்றை ஒன்று இடிக்கிற மாதிரி நெருக்கமாக இருக்கும். பாரம் தாங்க அத்தனை கட்டை தேவையே இல்லை. "எங்களிடம் மரம் வாங்கக் காசு இருக்கிறது" என்று தெருவுக்குச் சொல்வதற்காக வைத்தது.

ஏட்டுக்காரர்:

காசு என்றதும் நான் உள்ளே வரவேண்டியதாகிவிட்டது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் கட்டடம் புரியும். 1269-இல் உஸ்டர் ஆயர் காட்ஃப்ரி கிஃபர்டிடம் தேவாலயமும் ஆதரவு இல்லமும் கட்ட அனுமதி வாங்கினார்கள். ஊர் சட்டப்படி ஆயருக்குச் சொந்தம். ஊரை நடத்தியது நடைமுறையில் கில்டு. ஆணும் பெண்ணும் பணம் கட்டி உறுப்பினராகலாம். சங்கத்துக்கென்று சொந்தமாகப் பாதிரிகள், விருந்துகள், வயதான உறுப்பினருக்கு உதவி, பிள்ளைகளுக்குப் பள்ளி. 1427-இல் அவர்கள் கட்டிய பள்ளிக்கூடத்தின் செலவு 9 பவுண்டு 17 ஷில்லிங் 11½ பென்னி என்று கணக்கில் இருக்கிறது, அரைப் பென்னி உட்பட! அந்தச் சிறிய கட்டடம் மண்டபத்துக்குப் பின்னால் இன்னமும் இருக்கிறது.

1406 முதல் 1535 வரையான உறுப்பினர் பதிவேடு பிழைத்திருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, செத்துப்போனவர்களையும் உறுப்பினராகச் சேர்த்திருப்பது. அப்பா இறந்து வருடங்கள் ஆகியிருக்கும். மகன் வந்து கட்டணம் கட்டி அப்பாவின் ஆன்மாவைப் பதிவு செய்வான். அதற்கப்புறம் கில்டின் பாதிரிகள் அவருக்காகவும் ஜெபிப்பார்கள். இப்படிச் சேர்ந்த சந்தாவும், பக்தர்கள் எழுதிவைத்த வீடுகளின் வாடகையும்தான் அந்த நெருக்கமான ஓக் கட்டைகள்.

சந்தேகசாமி:

அதாவது பணக்காரர் கிளப். சொர்க்கத்துக்கு ரிசர்வேஷன், கூடவே வருடத்துக்கு ஒரு நல்ல சாப்பாடு. ஆறாம் எட்வர்டு மன்னன் காலத்தில் இந்தச் சங்கத்தை மூடியது நல்லதுதான்.

ஏட்டுக்காரர்:

சந்தேகசாமி சார், அரண்மனை ஆட்களும் அதில் இருந்தார்கள் என்பது உண்மை. மன்னன் நான்காம் எட்வர்டின் தம்பி கிளாரன்ஸ் பிரபுவே உறுப்பினர். ஆனால் மூடியபோது பறிபோனது விருந்து மட்டும் இல்லை. 1547 சட்டத்தில் கில்டின் சொத்தெல்லாம் அரசுக்குப் போனது. இரண்டே வருடத்தில் ஆயரும் ஊரின் உரிமையை ஜான் டட்லி என்ற பிரபுவிடம் இழந்தார். ஆக, ஊரை உண்மையில் நடத்தியவர்களும் இல்லை, பெயருக்குச் சொந்தக்காரரும் இல்லை. பள்ளி ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது, முதியோருக்கு யார் சோறு போடுவது, பாலம் உடைந்தால் யாரிடம் போவது?

ஊர்க்காரர்கள் மனுப் போட்டு 1553 ஜூன் 28-இல் சாசனம் வாங்கினார்கள். ஒரு பெய்லிஃப், அதாவது ஊர்த்தலைவர், 14 ஆல்டர்மேன்கள், அதாவது மூத்த உறுப்பினர்கள், அவர்களுக்கு அடுத்த படியில் 14 பர்ஜஸ்கள். கில்டின் பழைய சொத்து இந்தப் புதிய மன்றத்துக்கு. பதிலுக்கு ஆசிரியருக்கு வருடம் 20 பவுண்டு, பாதிரிக்கு 20 பவுண்டு, முதியோர் இல்லத்தில் 24 பேர் என்று கடமைகளும் எழுதிக் கொடுத்தார்கள். ஜூலை 6-இல் சிறுவன் ஆறாம் எட்வர்டு இறந்துவிட்டான். எட்டு நாள். தாமதமாகியிருந்தால் அடுத்து வந்த குழப்பத்தில் அந்தத் தாள் எங்கே போயிருக்குமோ.

கோடைமழை:

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஆட்சி மாறியது, மதம் மாறியது, பெயர் மாறியது. உட்காரும் பெஞ்ச் மாறவில்லை. கில்டு கூடிய அதே கூடத்தில் மன்றம் கூடியது, பெய்லிஃப் வழக்குக் கேட்டார், மேல்மாடிக்குப் பள்ளிக்கூடம் போனது. கில்டில் பெரிய மனிதர்களாக இருந்த குடும்பங்கள் பல புதிய மன்றத்திலும் வந்து உட்கார்ந்தன.

வல்லபி:

ஷேக்ஸ்பியரைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். அவர் அப்பாவைப் பற்றிப் பேசலாமா? 😀 பக்கத்துத் தேவாலயத்தின் ஓவியங்களை அழித்தது அவர்தான் என்று படித்தேன்.

ஏட்டுக்காரர்:

அப்பா ஜானுக்கு முழு அனுமதி உண்டு, அவர் இந்தக் கட்டடத்தின் ஆள். கையுறை செய்யும் தொழிலாளி. கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போடுவார். 1552-இல் ஊர்க்கணக்கில் அவர் முதன்முதலில் தலைகாட்டுவதே அபராதத்தில்தான்: ஹென்லி தெருவில் அனுமதியில்லாமல் குப்பைமேடு போட்டதற்கு ஒரு ஷில்லிங். அங்கிருந்து பீர் தரம் பார்ப்பவர், காவலர், பொருளாளர், ஆல்டர்மேன் என்று ஏறி 1568-இல் பெய்லிஃப் ஆனார்.

மண்டபத்தை ஒட்டி நிற்கிற கில்டு தேவாலயம் கல் கட்டடம். உள்ளே சுவர் முழுக்கக் கத்தோலிக்கக் காலத்துப் படம்; புராட்டஸ்டன்ட் ஆட்சி வந்ததும் அதெல்லாம் கூடாது என்றாகிவிட்டது. பீடத்துக்கு முன்னால் உள்ள வளைவின் மேல் கடைசித் தீர்ப்பு நாள், ஒரு பக்கம் சொர்க்கம், மறுபக்கம் நரகம். 1563-64 கணக்கில் "தேவாலயத்து உருவங்களைச் சிதைத்ததற்கு 2 ஷில்லிங்" என்று ஒரு வரி வருகிறது. கணக்கு ஜான் பார்த்தது. அதே 1564 ஏப்ரலில்தான் மகன் வில்லியம் ஷேக்ஸ்பியர் பிறக்கிறான்.

சந்தேகசாமி:

2 ஷில்லிங்குக்கு எவ்வளவு சிதைக்க முடியும்? நாலு நாள் கூலி இருக்குமா? மொத்தச் சுவரையும் கொத்தி எடுத்திருக்க முடியாது. சுண்ணாம்பை அடித்துவிட்டு "ஆயிற்று" என்று எழுதியிருப்பார்கள். மேலிடத்து உத்தரவுக்கு நம்மூர் அலுவலகத்தில் எப்படிப் பதில் போடுவோமோ அப்படித்தான்.

ஏட்டுக்காரர்:

சரியாகப் பிடித்தீர்கள். சுண்ணாம்புக்கு அடியில் படங்கள் பத்திரமாக இருந்தன, 1804-இல் வெளிப்பட்டன. இதை வைத்துக்கொண்டு "ஜான் ரகசியக் கத்தோலிக்கர், காப்பாற்றத்தான் பூசினார்" என்று ஒரு கட்சி எழுதுகிறது. எனக்கு அந்த வாதம் கொஞ்சம் இனிப்பு அதிகம். மன்றம் சொன்னது, பொருளாளர் செய்தார், குறைந்த செலவில் முடித்தார். அவ்வளவுதான் அந்த வரியில் இருக்கிறது.

அவருடைய முடிவும் இதே மண்டபத்துக் குறிப்பில்தான் வருகிறது. 1577-க்குப் பிறகு கூட்டத்துக்கு வருவதை அநேகமாக நிறுத்திவிட்டார். கடன் தொல்லை. ஒன்பது வருடம் பொறுத்தார்கள். 1586 செப்டம்பரில் அவர் இடத்தில் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தபோது எழுதிய காரணம்: கூட்டத்துக்கு அழைத்தும் ஷேக்ஸ்பியர் வருவதில்லை, நெடுங்காலமாகவே வரவில்லை.

பூவரசு:

நாடகத்தை யாரும் தொடவில்லையே! ஜான் பெய்லிஃபாக இருந்த காலத்தில்தான் தொழில்முறைக் கூத்துக்குழுக்கள் முதல் தடவையாக ஊரில் பணம் வாங்கியது பதிவாகியிருக்கிறது. 1569-இல் இரண்டு குழு. அரசியாரின் குழுவுக்கு 9 ஷில்லிங், உஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங். அந்த ஒரு ஷில்லிங் குழு என்ன நினைத்திருக்கும்!

எப்படி ஆடினார்கள் என்பதற்கு க்ளாஸ்டர் ஊர்க்காரர் ராபர்ட் வில்லிஸ் என்பவர் எழுதிவைத்த நினைவு இருக்கிறது. அவரும் 1564-இல் பிறந்தவர். எழுதியது 1639-இல், கிழவராக. குழு ஊருக்கு வந்ததும் முதலில் மேயரைப் பார்த்து, தாங்கள் எந்தப் பிரபுவின் ஆட்கள் என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மேயருக்குக் குழுவைப் பிடித்திருந்தாலோ, அதன் எஜமானருக்கு மரியாதை காட்ட நினைத்தாலோ, முதல் ஆட்டத்தைத் தன் முன்னிலையிலும் ஆல்டர்மேன்கள் முன்னிலையிலும் ஆடச் சொல்வார். அதற்கு டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம். மேயர் தன் விருப்பப்படி சன்மானம் கொடுப்பார். வில்லிஸின் அப்பா பெஞ்சில் உட்கார, சிறுவன் அவர் கால்களுக்கு நடுவில் நின்று பார்த்தான். அரசன் ஒருவனை மூன்று பெண்கள் தாலாட்டுப் பாடித் தூங்கவைத்து, முகத்தில் பன்றி மூக்கு முகமூடியை மாட்டிவிடுகிறார்களாம். எழுபது வருடம் கழித்தும் அந்தப் பன்றி மூக்கு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

ஸ்ட்ராட்ஃபோர்டில் பெய்லிஃபின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. முன்வரிசையில் இருந்திருப்பான் என்று நம்ப எனக்கு ஆசை.

சந்தேகசாமி:

ஆசை வேறு, ஆதாரம் வேறு. அந்தக் காலத்துப் பள்ளிப் பதிவேடே இல்லை. அவர் அங்கே படித்தார் என்பதே ஊகம்.

பூவரசு:

நல்ல ஊகம் சார். அப்பா மன்றத்து ஆள், வீடு அதே ஊரில், மன்றத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இலவசம். வேறெங்கே அனுப்பியிருப்பார்?

போகட்டும், உங்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அடுத்த தலைமுறையில் அதே மன்றம் நாடகத்தை வெறுக்க ஆரம்பித்தது. 1602 டிசம்பரில் தீர்மானம்: மன்ற அறையிலோ கில்டு மண்டபத்திலோ நாடகம் கூடாது, அனுமதி கொடுக்கும் பெய்லிஃபோ ஆல்டர்மேனோ பர்ஜஸோ 10 ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும். 1612-இல் அதை 10 பவுண்டாக ஏற்றினார்கள். ஆசிரியரின் வருடச் சம்பளத்தில் பாதி!

ஷேக்ஸ்பியரின் நியூ பிளேஸ் வீடு எங்கே இருந்தது என்று வரைபடத்தில் பாருங்கள். கில்டு தேவாலயத்துக்கு எதிரே, நடுவில் ஒரு சந்து. 1597-இல் அதை வாங்கியவர் லண்டனின் பெரிய நாடகாசிரியர். அவர் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துதான் இந்தத் தீர்மானத்தை எழுதினார்கள்.

கோடைமழை:

அதோடு முடியவில்லை பூவரசு. 1622 கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. மன்னரின் நாடகக் குழுவுக்கு 6 ஷில்லிங், மண்டபத்தில் ஆடாமல் இருந்ததற்கு! ஷேக்ஸ்பியர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, வந்தது அவருடைய சொந்தக் குழு. அரசரின் ஆட்கள் என்பதால் விரட்டவும் முடியாது, ஆடவிடவும் மனமில்லை. கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சந்தேகசாமி:

ஆஹா. இந்த ஒரு வரிக்காகவே இந்த மன்றத்தை மன்னிக்கிறேன். 1569-இல் ஆடினவனுக்கு 1 ஷில்லிங், 1622-இல் ஆடாதவனுக்கு 6.

மரவட்டை:

மௌன வாசகன், ஒரே கேள்வி. மரமும் படலும் மண்ணும். இது எப்படி எரியாமல் தப்பியது?

ஏட்டுக்காரர்:

ஊர் எரிந்தது. 1594-இலும் 1595-இலும் அடுத்தடுத்து இரண்டு பெருந்தீ, ஏறத்தாழ 120 வீடுகள் போயின. 1614 ஜூலையில் மறுபடி: இரண்டு மணி நேரத்துக்குள் 54 வீடுகள். பெரிய வில்லன் கூரைதான். வைக்கோல் வேய்ந்த கூரையில் விழுந்த பொறி காற்றில் பறந்து அடுத்த கூரையில் உட்காரும். மன்றம் வைக்கோல் கூரைக்குத் தடை போட்டுப் பார்த்தது. ஓடு போட எல்லோரிடமும் காசு இல்லை.

தச்சன்மகன்:

ஒன்று சேர்க்கிறேன். பருமனான ஓக் உத்தரம் சுலபத்தில் எரிந்து முடியாது. வெளிப்புறம் கரியாகும், அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கொஞ்ச நேரம் கவசம். மண் பூசிய சுவரும் லேசில் பற்றாது. ஆனால் கூரை பற்றிவிட்டால் எதுவும் நிற்காது. இந்தத் தெருவுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, அதையும் சொல்லிவிடலாம்.

மரவட்டை:

நன்றி. இதே மாதிரி வேறு மண்டபங்கள் மிச்சம் இருக்கின்றனவா?

கோடைமழை:

இருக்கின்றன. லெஸ்டரில் சுமார் 1390-இல் கட்டியது ஒன்று. கில்டு கூடம், நகர மன்றம், 1632 முதல் நகர நூலகம், 1836-இல் போலீஸ் நிலையம், 1926 முதல் அருங்காட்சியகம். போலீஸ் அடைத்து வைத்த அறைகளை இன்றும் பார்க்கலாம். யார்க்கில் வணிகர்கள் 1357-இல் தொடங்கிய மண்டபம் இன்றும் அதே வணிகர் சங்கத்திடமே இருக்கிறது; மேலே வியாபாரம், கீழே நோயாளிகளுக்கான இல்லம். சஃபோக்கில் லாவன்ஹாம் மண்டபம் கம்பளித் துணிப் பணத்தில் 1530 வாக்கில் எழுந்தது, பின்னால் சிறையும் ஏழைகள் வேலைக்கூடமும் ஆனது. எதையும் யாரும் அழகுக்காகக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவருக்கு நல்ல கூரையுள்ள ஒரு பெரிய அறை தேவைப்பட்டது.

வல்லபி:

கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறோம். ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ளே விடுவார்களா? வகுப்பு நடக்கிறது என்றீர்களே.

கோடைமழை:

விடுவார்கள். 2016-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, டிக்கெட் உண்டு. பள்ளி நேரம் பார்த்துக்கொண்டு போ. மேலே உள்ள மேசைகளில் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் பெயரைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள், பார். கீழ்க்கூடத்தின் ஒரு கோடியில் கில்டு காலத்துச் சமயச் சுவரோவியத்தின் மிச்சம் மங்கலாகத் தெரியும். வெளிச்சம் குறைவு, அவசரப்பட்டால் தவறவிட்டுவிடுவாய். தச்சன்மகன் சொன்ன ரோமன் எண் கீறலையும் தேடிப் பார், கண்ணில் பட்டால் படம் எடுத்து இங்கே போடு.

தச்சன்மகன்:

ஆணித்தலையையும் படம் எடு வல்லபி. சட்டத்திலிருந்து துருத்திக்கொண்டு இருந்தால் அதை வெட்டாமல் விட்டது ஏன் என்று சொல்கிறேன். லாவன்ஹாமுக்குத் தனி இழை ஆரம்பிக்கிறேன், கம்பளி வியாபாரம் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.